ஓடும்போது விழுகிற பிள்ளைக்கு வலிப்பு என்று முத்திரை குத்துவதா?

"மைதானத்தில் ஓடிய மாணவன் சுருண்டு விழுந்து பரிதாபச் சாவு!"

இப்படி ஒரு சேதியைப் படித்து "ஐயோ பாவம்" என்று சொல்லாதவர் யார்? அப்புறம் நடப்பது என்ன? போலீசார் சந்தேக மரணம் என்று வழக்குப் போடுவார்கள். பிரேத பரிசோதனை நடக்கும். காயம் இல்லை. விஷம் இல்லை. இதயத்தில் அடைப்பும் இல்லை. "காரணம் தெரியவில்லை" என்று ஃபைலைக் கட்டிப் பரணில் போட்டுவிடுவார்கள்.

ஃபைல் முடிந்தது சரி. அந்த வீட்டில் தம்பி, தங்கை இருக்கிறார்களே, அவர்கள் கதி என்ன?

கரண்ட் கோளாறு

மோட்டார் புதுசாக இருக்கும், வயரிங் கெட்டிருக்கும். சில பிள்ளைகளின் இதயமும் அப்படித்தான். சதை, வால்வு, ரத்தக்குழாய் எல்லாம் சரி. துடிக்க வைக்கிற மின்சாரம் மட்டும் திடீரென்று தாறுமாறாக ஓடும். நின்றுபோன இதயத்தை அறுத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. உயிரோடு இருக்கும்போது ஈ.சி.ஜி. எடுத்தால்தான் தெரியும்.

1957-ல் ஜெர்வெல், லாங்கே-நீல்சன் என்ற நார்வே டாக்டர்கள் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். ஆறு பிள்ளைகள். நான்கு பேருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அடிக்கடி மயக்கம் வேறு. அதில் மூன்று பேர் 4, 5, 9 வயதில் திடீரென்று செத்துப் போனார்கள். ஈ.சி.ஜி.யில் ஒரே குறை. ஒரு துடிப்பு முடிந்து அடுத்ததற்கு இதயம் தயாராகிற 'கியூ.டி.' நேரம் நீண்டிருந்தது.

காது நன்றாகக் கேட்கிற பிள்ளைகளுக்கும் இந்தக் கோளாறு வரும். அந்த ரகம்தான் அதிகம். அப்பா, அம்மாவில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

சாவிக் கொத்து வைத்தியம்

மூளைக்கு ரத்தம் போகாவிட்டால் கை கால் வெட்டி இழுக்கும். பார்த்தால் காக்காய் வலிப்பு மாதிரியே இருக்கும். "சாவியைக் கையில குடுங்கய்யா" என்று கூட்டம் கத்தும். சில இடங்களில் ஈ.சி.ஜி. எடுக்காமலே வலிப்பு மாத்திரை எழுதுகிறார்கள். இதுதான் கொடுமை.

அதற்காக எல்லாப் பெற்றோரும் பயந்து சாக வேண்டாம். மூச்சு இழுத்து விடும்போது பிள்ளைகளின் நாடி கூடிக் குறைவது சகஜம். எப்போதாவது ஒரு துடிப்பு தப்புவதும் பெரும்பாலும் ஆபத்தில்லை.

ஆபத்தை எடை போடக் கேட்க வேண்டியது இவைதான்: ஓடும்போதோ, நீந்தும்போதோ, பயந்தபோதோ, அலாரம் அடித்தபோதோ மயக்கம் வந்ததா? குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் காரணமில்லாமல் செத்தார்களா, தண்ணீரில் மூழ்கினார்களா?

"ஆமாம்" என்றால் உடனே ஈ.சி.ஜி. துடிப்பு வேகத்துக்குத் தக்கபடி கணக்கிட்ட கியூ.டி. 500 மில்லி செகண்டைத் தாண்டினால் ஆபத்து அதிகம். படுத்திருக்கும்போது எடுத்த ஈ.சி.ஜி. சுத்தமாக இருந்து, டிரெட்மில்லில் ஓடவிட்டால் மட்டும் வெளிப்படுகிற ரகமும் உண்டு.

கண்டுபிடித்தால் வழி இருக்கிறது. பலருக்குப் புரோப்ரனலால் போன்ற மாத்திரையே காவல். கூடுதல் 'ஒயர்' இருந்தால் சுட்டுப் பொசுக்கிச் சரிசெய்யலாம். நெஞ்சுக்குள் வைக்கும் ஷாக் கருவி, ஆபத்து மிக அதிகமானவர்களுக்கு மட்டும்.

செலவுக்கு யார் பொறுப்பு?

ஜப்பானில் 1973 முதல் பள்ளிகளில் இதயப் பரிசோதனை உண்டு. 1995-லிருந்து 1, 7, 10-ம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஈ.சி.ஜி. கட்டாயம். இத்தாலியில் 1982 முதல் போட்டிக்குப் போகிறவர்களுக்குப் பரிசோதனை. அங்கே வெனெட்டோ பகுதியில் இளம் வீரர்களின் திடீர் சாவு, ஆண்டுக்கு லட்சத்துக்கு 3.6 என்றிருந்தது 2003-04-ல் 0.4 ஆகக் குறைந்தது.

"எல்லாருக்கும் எடுத்தால் செலவு, நல்ல பிள்ளையையும் நோயாளி ஆக்கிவிடும்" என்கிற டாக்டர்களும் இருக்கிறார்கள். நியாயம்தான். ஆனால் கேள்வி கேட்கக் காசு வேண்டுமா? விளையாட்டு விழாவுக்குப் பேர் கொடுக்கிற அன்றே பள்ளிக்கூடம் கேட்கட்டும். பி.டி. மாஸ்டர்கள் நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கப் பழகட்டும்.

காரணம் தெரியாமல் ஒரு பிள்ளை செத்தால், அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள் அனைவருக்கும் ஈ.சி.ஜி. எடுத்த பிறகே ஃபைலை மூட வேண்டும். அரசாங்கம் இதற்கு ஒரு உத்தரவு போட்டால் போதும். ஒரு வீட்டில் இரண்டாவது பாடை கட்டாமல் தடுக்கலாம்.