கடைசி வாரத்துக் கணக்கு

கிரிக்கெட் ரசிகன் பொறுப்பற்றவன் என்றொரு தீர்ப்பு நம் பங்குகளிலும் இல்லங்களிலும் எளிதாக வழங்கப்படுகிறது. மே மாதம் பிறந்து, ஐ.பி.எல். தொடரின் கடைசி வாரங்கள் நெருங்கிவிட்டால் அத்தீர்ப்பின் குரல் உயர்கிறது. இளைஞர்கள் இரவெல்லாம் விழிக்கிறார்கள். ஞாயிறு திருப்பலியில் கண்ணயர்கிறார்கள். எங்கோ எவனோ அடிக்கும் ஓட்டத்துக்கு இவர்கள் ஏன் துள்ள வேண்டும் என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். குற்றச்சாட்டு பழையதுதான். ஆனால் கூண்டில் நிறுத்தப்பட்டிருப்பவன் உண்மையான குற்றவாளிதானா என்பதே நம் கேள்வி.

திருப்பூருக்கு வடக்கே, கோவை–சேலம் நெடுஞ்சாலையில் உள்ள பெருமாநல்லூரை எடுத்துக்கொள்வோம். உழவும் பனியனும் தோளோடு தோள் உரசி நிற்கும் ஊர். 1970-ஆம் ஆண்டில் மின்கட்டண உயர்வை எதிர்த்துத் திரண்ட உழவர்களில் மூவர் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்நீத்த மண் அது. காசின் அருமையை அவ்வூருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. இன்று அங்கே பலருடைய நாளை அளப்பது ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்கு மெஷினில் அமர்ந்தவர் இரவு எட்டரைக்கு எழுகிறார். ஆட்டம் தொடங்குவதோ ஏழரை மணிக்கு. ஓவர்லாக் தைப்பவரும் செக்கிங் பார்ப்பவரும் வெளியே வரும்போது, முதலில் ஆடும் அணி பதின்மூன்று பதினான்கு ஓவர்களைக் கடந்திருக்கும். பேக்கரி வாசலில் தேநீர் டம்ளரோடு நின்று, எஞ்சியதைப் பார்க்கிறார்கள். பன்னிரண்டு மணிநேரம் உழைத்தவரைப் பார்த்துச் சோம்பேறி என்று சொல்ல நமக்கு நா எழலாமா?

அந்தப் பேக்கரி வாசலைச் சற்றுக் கூர்ந்து நோக்குங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் நம் ஊர்ப் பிள்ளைகளின் அருகே நிற்கிறார்கள். ஒரே கூடத்தில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்தும் பேசிக்கொள்ளாதவர்கள் இங்கே பேசிக்கொள்கிறார்கள். இவர் தமிழில் திட்டுகிறார். அவர் இந்தியில் சிரிக்கிறார். நாம் கூட்டங்கள் நடத்தியும் கூட்டிவைக்க முடியாத இருவரை ஒரு தொலைக்காட்சிப் பெட்டி கூட்டிவைக்கிறது. இதை அற்பம் என்று ஒதுக்குபவர் மனித உறவை அறியாதவர்.

கடைசி வாரங்களின் சுவை வெறும் வெற்றி தோல்வியில் இல்லை, கணக்கில் இருக்கிறது. 2024 மே 18 அன்று பெங்களூரில் நடந்த ஆட்டம் நினைவிருக்கும். பெங்களூர் அணி 218 ஓட்டங்கள் எடுத்தது. சென்னை வெல்ல வேண்டும் என்பதுகூட இல்லை. 201 எடுத்துத் தோற்றிருந்தாலும் அடுத்த சுற்றுக்குச் சென்றிருக்கும். கடைசி ஓவரில் அதற்கு 17 ஓட்டங்கள் தேவை. முதல் பந்தை தோனி ஆறுக்கு அனுப்பினார். அடுத்த பந்தில் ஆட்டமிழந்தார். சென்னை 191-இல் நின்றது. இரு அணிகளுக்கும் 14 புள்ளிகளே. நிகர ஓட்ட விகிதத்தில் பெங்களூர் முந்தியது. தொடர் முழுவதும் ஓர் ஓவருக்குச் சராசரியாக எடுத்தது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு, இரண்டுக்கும் உள்ள வேறுபாடு என்ன என்பதே அந்த விகிதம். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட பிள்ளைகள் இந்தக் கணக்கை விரல் நுனியில் வைத்திருக்கிறார்கள். ஏப்ரலில் வீணாக்கிய ஓர் ஓவருக்கு மே மாதத்தில் விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதை அவர்களுக்கு எந்த மறையுரையும் சொல்லித் தரவில்லை. ஓட்டப் பந்தய வீரனின் தன்னடக்கத்தைக் கொரிந்தியருக்கு எடுத்துக்காட்டாகச் சொன்ன பவுலடியார், விளையாட்டரங்கத்தைக் கண்டு முகம் சுளிக்கவில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது.

பொறுமையும் அவர்களிடம் உண்டு. 2013-இல் வெடித்த சூதாட்ட ஊழலின் விளைவாக, 2015-இல் நீதிபதி லோதா குழு சென்னை, ராஜஸ்தான் அணிகளை இரண்டு ஆண்டுகளுக்கு விலக்கியது. குற்றம் மேல்தளத்தில், தண்டனையோ ரசிகனுக்கும் சேர்த்து. அவன் காத்திருந்தான். 2018-இல் அணி திரும்பியபோது காவிரிப் போராட்டத்தால் ஆட்டங்கள் புனேவுக்கு மாற்றப்பட்டன. ரசிகர்கள் சிறப்பு ரயிலில் அங்கும் போனார்கள். அவ்வாண்டு அணி கோப்பையை வென்றது. 2025-இல் அதே அணி பதினான்கு ஆட்டங்களில் நான்கை மட்டும் வென்று, வரலாற்றிலேயே முதன்முறையாகப் பட்டியலின் அடியில் கிடந்தது. மஞ்சள் பனியனை யாரும் கழற்றி எறிந்துவிடவில்லை. தோற்பவனோடு நிற்கும் குணம் மலிவானதன்று.

பின், நம் சினம் யார்மீது? இந்தக் குணத்துக்கு விலை குறித்தவர்கள்மீது. 2023 முதல் 2027 வரையிலான ஐந்து ஆண்டு ஒளிபரப்பு உரிமை மட்டும் 48,390 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. அந்தப் பணம் வானத்திலிருந்து பொழியவில்லை. பேக்கரி வாசலில் நிற்பவனின் கண்களைத்தான் அவர்கள் விற்றார்கள். விளம்பரம் பார்ப்பது இருக்கட்டும். அவன் கூலியையும் கேட்டார்கள். 'உன் அணியை நீயே தேர்ந்தெடு, சிறு தொகை கட்டு, கோடி வெல்லலாம்' என்று ஆட்டத்தின் இடையிடையே அழைத்தார்கள். புகழ்பெற்ற வீரர்கள் சிரித்த முகத்தோடு அழைத்தார்கள். 2020-இல் தொடரின் பெயரோடு அத்தகைய நிறுவனத்தின் பெயர் ஒட்டியிருந்தது. 2023-இல் இந்திய அணியின் மார்பிலேயே அது ஏறியது.

திருப்பூர் வட்டாரத்தில் பனியன் கம்பெனிக் கூலி வாரக்கூலி. சனிக்கிழமை கையில் விழும். தொடரின் கொழுத்த ஆட்டங்களும் சனி, ஞாயிறுகளில்தான். நாம் மேலே சொன்ன அந்த மே 18-உம் ஒரு சனிக்கிழமையே. மளிகைக் கடன், வாடகை, பிள்ளையின் கட்டணம் என்று பிரிய வேண்டிய பணம், பிரியும் முன்பே கைப்பேசியில் கரைந்தால் ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் என்ன அடுப்பெரியும்? ஆறு நாள் குனிந்து தைத்தது ஆறு பந்தில் போனால், அதைப் பொழுதுபோக்கு என்று எந்த அகராதி சொல்லும்?

'விருப்பப்பட்டுத்தானே கட்டினான், யார் அவன் கையைப் பிடித்து இழுத்தார்கள்?' என்று கேட்போர் உண்டு. களைத்தவனிடம், கடன்பட்டவனிடம், நம்பிக்கை கொதித்து நிற்கும் கடைசி ஓவரில் வந்து கை நீட்டுவது, விருப்பத்தைக் கேட்பதாகாது. பலவீனத்தை அறுவடை செய்வதாகும். 'இது திறமை விளையாட்டு' என்பதும் பாதி உண்மையே. தோனி அடுத்த பந்தில் ஆட்டமிழப்பார் என்பதை எந்தத் திறமை முன்னறிந்தது?

சட்டம் தாமதமாகவேனும் விழித்தது. தமிழகச் சட்டமன்றம் 2022-இல் நிறைவேற்றி, திருப்பி அனுப்பப்பட்டு, 2023-இல் மீண்டும் நிறைவேற்றிய இணையச் சூதாட்டத் தடை ஒப்புதல் பெற்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்தது. இந்திய அணியின் மார்பிலிருந்து அந்தப் பெயரும் நீங்கியது. வரவேற்கிறோம். ஆனால் சட்டத்தால் விடுதி அறைக்குள் எட்டிப் பார்க்க இயலாது. ஆளுக்கு ஆள் கட்டும் பந்தயமும், மறைவிலிருந்து நீளும் கைகளும் சட்டப் புத்தகத்தைக் கண்டு அஞ்சிவிடா.

ரசிகனின் உயிர்கூடக் கணக்கில் வராத நாளும் வந்தது. பதினெட்டு ஆண்டுக் காத்திருப்புக்குப்பின் 2025 ஜூன் 3-இல் பெங்களூர் அணி கோப்பையை வென்றது. மறுநாள் சின்னசாமி அரங்கின் வாயில்களில் நெரிசலில் சிக்கி 11 பேர் மாண்டனர். வெளியே உடல்கள் தூக்கிச் செல்லப்பட்டபோதும் உள்ளே பாராட்டு விழா நடந்தது. அழைக்கத் தெரிந்தவர்களுக்கு வாயிலைத் திறக்கத் தெரியவில்லை.

நம் பக்கத்து நிகழ்ச்சி ஒன்றையும் சொல்வோம். 2025 ஜூலை 6-இல் திருப்பூரின் பெயர் தாங்கிய தமிழன்ஸ் அணி, திண்டுக்கல்லை 118 ஓட்டங்களில் வீழ்த்தித் தமிழ்நாடு பிரீமியர் லீக் கோப்பையை முதன்முறையாகக் கைப்பற்றியது. அவ்வாண்டு ஆட்டங்கள் கோவை, சேலம், நெல்லை, திண்டுக்கல் ஆகிய இடங்களில் நடந்தன. திருப்பூரில் ஒன்றுகூட இல்லை. ஊரின் பெயர் வேண்டும், ஊரார் வேண்டாம். தொழிலாளி நடந்துபோய்ப் பார்க்கக்கூடிய ஒரு மைதானம் இத்தொழில் நகரத்துக்கு மிகையான ஆசையா?

ஆகவே ரசிகனை வைவதை விடுவோம். செய்யத்தக்கவை வேறு உள. கம்பெனி நடத்தும் நம்மவர்கள், மெஷின்களுக்கிடையே பந்தயப் பணம் திரட்டுவோரைக் கண்டும் காணாமல் இருப்பதை நிறுத்த வேண்டும். கடைசி ஆட்டங்களின் நாளில் ஒரு மணிநேரம் முன்னதாக அனுப்பினால் ஏற்றுமதி கவிழ்ந்துவிடாது. பங்கு இளைஞர் இயக்கங்கள் மன்றத்துக் கதவைத் திறந்து, தொலைக்காட்சியை வைத்து, வடநாட்டுத் தொழிலாளரையும் அழைத்து அமர்த்தட்டும். கடனில் விழுந்தவனை ஏசாமல் கேட்கும் ஒருவர் ஒவ்வொரு அன்பியத்திலும் இருக்கட்டும்.

கடைசி வாரத்துக் கணக்கில் ரசிகன் போடுவது நம்பிக்கை ஒன்றே. அதற்கு வட்டி கேட்பவனைத்தான் நாம் கூண்டில் ஏற்ற வேண்டும்.