துடைப்பில் தொடங்கும் பெயிண்ட்

காரை மறு பெயிண்டுக்குக் கொடுக்கும்போது நாம் வழக்கமாகக் கேட்பது இரண்டே கேள்விகள்: எவ்வளவு ஆகும்? எப்போது கிடைக்கும்? மூன்றாவதாக இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: எதை வைத்துத் துடைப்பீர்கள்?

பல பட்டறைகளில் இதற்குப் பதில், பெட்ரோல். ஒரு பாட்டில் பெட்ரோலும் கொஞ்சம் பனியன் வேஸ்ட்டும் இருந்தால் வேலை முடிந்தது. துடைத்த இடம் பளிச்சென்றுதான் இருக்கும். ஆனால் பெயிண்ட் அடித்ததும் மீன் கண் போலக் குட்டிப் பள்ளங்கள் விழும். அல்லது சில மாதங்களில் உரியத் தொடங்கும். பழி பெயிண்ட் மீது விழும். உண்மையான காரணம் பல சமயங்களில் அடியில் தங்கிய மெழுகும் சிலிகானும்தான். பாலிஷும் டாஷ்போர்டு ஸ்பிரேயும் விட்டுச் சென்றவை இவை. பெட்ரோல் மெழுகையும் கிரீஸையும் கரைக்கும். ஆனால் நொடியில் ஆவியாவதால், துணி அள்ளுவதற்குள் கரைந்த அழுக்கு அங்கேயே மீண்டும் படியும். மண்ணெண்ணெய் மெதுவாகத்தான் காயும்; ஆனால் எண்ணெய்ப் பிசுக்கை விட்டுச் செல்லும்.

இதற்கென்றே பெயிண்ட் கம்பெனிகள் விற்கும் வாக்ஸ் அண்டு கிரீஸ் ரிமூவர்தான் சரியான வழி. நிதானமாக ஆவியாகும். ஒரு துணியால் நனைத்து, ஈரம் காயும் முன் வேறொரு சுத்தமான துணியால் துடைத்தெடுக்க வேண்டும். தின்னரும் அசிட்டோனும் வெறும் தகட்டுக்குச் சரி. பழைய பெயிண்டை இளக்கிவிடும், மேலே அடிப்பது சுருங்கும். பிளாஸ்டிக் பம்பருக்கு அசிட்டோன் கூடவே கூடாது. தண்ணீர் கலந்த ஐசோபுரொபைல் ஆல்கஹால் போதும்.

வரிசையும் முக்கியம். உப்பு, வியர்வை, பறவை எச்சம் ஆகியவை இந்த கிரீஸ் ரிமூவரில் கரையாது. முதலில் சோப்புத் தண்ணீர், அடுத்து ரிமூவர், அதன் பிறகே உப்புத்தாள். முதலிலேயே தேய்த்தால் மெழுகு கீறல்களுக்குள் புகுந்துகொள்ளும். தேய்த்த பின் மறுபடி ஒரு துடைப்பு. உப்புத்தாள் போடும் முன் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்: ஒரே படலமாகப் பரவினால் சுத்தம், முத்து முத்தாக உருண்டால் பிசுக்கு பாக்கி.

இதில் காரைவிடப் பெரிய விஷயம் துடைப்பவரின் உடம்பு. பெட்ரோலில் உள்ள பென்சீன் புற்றுநோய் உண்டாக்குவது என்று உறுதியான பொருள். இந்தியாவில் பெட்ரோலில் அதன் உச்ச வரம்பு 1 சதவீதம். நாள் முழுக்க வெறுங்கையால் துடைப்பவருக்கு அது மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் போய்ச் சேர்கிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி, தள்ளி நடக்கும் வெல்டிங்கின் பொறியிலும் பற்றிக்கொள்ளும். ரிமூவரும் தீப்பற்றக்கூடியதுதான், காற்றோட்டமான இடம், நைட்ரைல் கையுறை, துடைத்த துணிகளுக்கு மூடியுள்ள தகர டப்பா ஆகியவை அதற்கும் தேவை.

பட்டறைக்காரர் பெட்ரோலை எடுப்பது செலவைக் குறைக்கத்தான். ரிமூவருக்கும் கையுறைக்கும் ஆகும் தொகையை பில்லில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெயிண்ட் உரிந்து மறுபடி அடிக்கும் செலவோடு ஒப்பிட்டால் அது சொற்பம்.