வேலையை விட்டுட்டுத்தான் பாட்டு எழுதணுமா?

சர்ச்சுக்குப் பாட்டு எழுதுற ஒரு பொம்பளைக்கு இலவசமா கிடைக்கிற அறிவுரை ரெண்டு. ஒண்ணு: "வேலையை விட்டுட்டு முழுநேர ஊழியத்துக்கு வந்துடுங்க சிஸ்டர்." இன்னொண்ணு: "பிள்ளைங்க ஆளாகிற வரைக்கும் பாட்டை மூட்டை கட்டி வைம்மா." முதலாவதைச் சொல்றவங்க சபையில் இருப்பாங்க, ரெண்டாவதைச் சொல்றவங்க சொந்தத்தில் இருப்பாங்க. எல்லாரும் நல்லவங்கதான், அக்கறையிலதான் சொல்றாங்க. ஆனா ரெண்டையுமே நான் கேட்கப்போறதில்லை. ஏன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், ஒரு டீ போட்டுட்டு வந்துடுங்க மக்களே :-)

புதுசா வர்றவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். வீடு பாளையங்கோட்டை. வேலை ஜங்ஷன் பக்கம் ஒரு வங்கியில், நகைக்கடன் கவுண்ட்டர். ரங்கமணிக்கு ஷிப்ட் வேலை. பொண்ணு ஒன்பதாவது, பையன் அஞ்சாவது. அத்தை (மாமியார்) எங்க கூட இருக்காங்க. சுகர், பிரஷர் ரெண்டும் உண்டு, வாயும் உண்டு ;-) இதுக்கு நடுவுல கீத ஆராதனைக்கு ஒரு பாட்டு, பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு ஒரு பாட்டு, விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு ஆக்ஷனோட ஒரு பாட்டுன்னு வருஷத்துக்கு ஏழெட்டு பாட்டு எழுதுறேன். பெரிய ஆள் எல்லாம் இல்லை. எங்க வட்டாரத்தில் நாலஞ்சு சபைகளில் பாடுறாங்க, அம்புட்டுதான்.

முதல் அறிவுரையை எடுத்துக்குவோம். போன வருஷம் ஒரு பெரியவர் வீட்டுக்கே வந்து, "பேங்க்ல உட்கார ஆயிரம் பேர் இருக்காங்கம்மா, பாட்டு எழுத நீங்கதான் இருக்கீங்க. ராஜினாமா பண்ணிட்டு வாங்க, ஆல்பத்துக்கு நாங்க பொறுப்பு"ன்னார். வீட்டுக் கடன் பாக்கி, பொண்ணு படிப்பு, அத்தை மருந்து எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். அதெல்லாம் இல்லைன்னா கூட என் பதில் அதேதான். அந்தக் கவுண்ட்டரை விட்டா என் பாட்டு போயிடும்.

எப்படின்னு கேட்பீங்க. சொல்றேன்.

நகைக்கடன் கவுண்ட்டரில் ஜூன் மாசம் ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்கணும் நீங்க. ஸ்கூல் திறக்கிற நேரம். கழுத்துல கிடக்கிறதைக் கழட்டி வைக்கிறப்போ எந்தப் பொம்பளையும் நம்ம முகத்தைப் பார்க்க மாட்டா. மதிப்பீட்டாளர் உரசிப் பார்த்து, எடை போட்டு, பையில போட்டு சீல் வைக்கிற வரைக்கும் கண்ணு அந்தக் கையிலேயே இருக்கும். அதே பொம்பளை எட்டு மாசமோ பத்து மாசமோ கழிச்சு, அசலும் வட்டியும் கட்டி, பையைப் பிரிச்சு, அங்கேயே கழுத்துல போட்டுக்கிட்டு நிமிர்ந்து பார்ப்பா பாருங்க. "நகைய மீட்டாச்சு மேடம்!"

மீட்பு, மீட்பர், மீட்கப்பட்டோம். சின்ன வயசுல இருந்து எத்தனை ஆயிரம் தடவை பாடியிருப்பேன்! அந்த வார்த்தையோட எடை என்னன்னு எனக்குச் சொல்லிக்கொடுத்தது எந்த பைபிள் காலேஜும் இல்லை. ஏற்கெனவே தன்னோடதா இருந்த ஒண்ணை, விலை கொடுத்து, திரும்பத் தன் கழுத்துல போட்டுக்கிறது. அம்புட்டும் அந்த ஒரு வார்த்தைக்குள்ள இருக்கு. அதுக்கப்புறம்தான் ஒரு பாட்டுல இப்படி எழுதினேன்:

சீட்டைத் தொலைத்த என்னையும்
பேர் சொல்லிக் கேட்டு மீட்டாரே

அடுத்த சரணத்துல "அடகு"ன்னு ஒரு வார்த்தை வரும். "ஆராதனையில அடகு, சீட்டு எல்லாம் வேணுமா?"ன்னு கமிட்டியில ஒருத்தர் ஆட்சேபம். "ராஜா, சிங்காசனம், கிரீடம்னு போடுங்களேன்"ன்னு யோசனை வேற. சங்கத்துப் பெண்கள்தான் விடலை. "எங்களுக்கு சிங்காசனம் தெரியாது, சீட்டு தெரியும்"னு ஒரு பெரியம்மா சொன்னாங்க பாருங்க, ஆட்சேபம் அத்தோட முடிஞ்சது.

இன்னொரு விஷயம். எனக்கு உட்கார்ந்து எழுத நேரம் கிடையாது. பாளை பஸ் ஸ்டாண்டில் ஏறி வண்ணார்பேட்டை தாண்டி, சுலோச்சன முதலியார் பாலத்தில் ஆற்றைப் பார்த்து, ஜங்ஷனில் இறங்குற வரைக்கும்தான் காலை நேர "ஸ்டூடியோ". நின்னுக்கிட்டே போற பஸ்ஸில் பேப்பர், பேனா எல்லாம் நடக்காது. ஒரு வரி வரும், மனசுக்குள்ளேயே பாடிக்குவேன். அப்புறம் நாள் முழுக்க வட்டி, வவுச்சர், கையெழுத்து. சாயங்காலம் திரும்புற பஸ்ஸில் அந்த வரி இன்னும் இருந்தா, எழுதி வைப்பேன். இல்லைன்னா போகட்டும்.

இது கஷ்டம்னுதான் முதல்ல நினைச்சேன். இப்போ இதைவிட நல்ல எடிட்டர் கிடையாதுன்னு தோணுது. சபைப் பாட்டு யாருக்கு? புஸ்தகம் இல்லாமப் பாடுற ஆச்சிக்கு, அடுப்பை சிம்ல வச்சிட்டு வந்த அம்மாவுக்கு, நைட் ஷிப்ட் முடிச்சு வந்து தூக்கத்தோட நிக்கிற மனுஷனுக்கு. எட்டு மணி நேர வேலையைத் தாண்டி என் மனசுல நிக்காத வரி, அவங்க மனசுல மட்டும் எப்படி நிக்கும்? ரொம்ப உயரமான சுரம், மூச்சு வாங்க இடமில்லாத நீள வரி, எதுகை மோனை இல்லாம உரைநடை மாதிரி ஓடுற சரணம், இதெல்லாம் அந்த பஸ்ஸில் தானாவே உதிர்ந்து போகும்.

இது எனக்கு மட்டும் நடக்கிற கதையும் இல்லை. எங்க ஊர்ப் பக்கத்துக் கரையிருப்பில் 1827ல் பிறந்த எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை, சாயர்புரத்திலும் பாளையங்கோட்டையிலும் தமிழ் வாத்தியார் வேலை பார்த்தவர். அவரோட ரட்சணிய யாத்திரிகம் 1894ல் வந்தது. மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826-1889) முன்சீப். கோர்ட்டுல வழக்கு கேட்டவர், கோர்ட்டுத் தீர்ப்புகளைத் தமிழில் மொழிபெயர்த்தவர். அவரேதான் சர்வ சமய சமரசக் கீர்த்தனையும் எழுதினார், இன்னிக்கும் கச்சேரிகளில் பாடுறாங்க. அமெரிக்காவில் தாமஸ் சிஷோம்னு ஒருத்தர். போதகரா இருந்தது கிட்டத்தட்ட ஒரு வருஷம்தான், உடம்பு ஒத்துக்கலை. அப்புறம் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். 'கிரேட் இஸ் தை ஃபெய்த்ஃபுல்னெஸ்' 1923ல் அவர் எழுதினது. உலகம் பூரா பாடுற பாட்டு, பாலிசி பிடிச்சு வயிறு கழுவின கை எழுதினது. அதனால "முழுநேரம்னாத்தான் ஊழியம், மத்ததெல்லாம் பொழுதுபோக்கு"ன்னு யாராச்சும் சொன்னா எனக்குச் சிரிப்புதான் வரும்.

சரி, இதோட முடிச்சா பதிவு சுபம். ஆனா ரெண்டாவது அறிவுரை பாக்கி இருக்கே. "பிள்ளைங்க, குடும்பம், அதைப் பாரு முதல்ல." இதுல பாதி உண்மை இருக்கு. அந்தப் பாதியை நான் மழுப்ப விரும்பலை.

மேலே சொன்ன மூணு பேருமே ஆம்பளைங்க. அவங்க எழுதுறப்போ சோறு வடிச்சது யாரு?

செபாஸ்டியன் பாக் கதையை எடுத்துக்கோங்க. 1723ல் லைப்சிக் போனார். பள்ளிக்கூடத்துல பாடம் எடுக்கணும், ஞாயிறுக்கு ஞாயிறு ஆலயத்துக்கு இசை தயார் பண்ணணும், வீடு நிறையப் பிள்ளைங்க. ரெண்டு கல்யாணத்திலும் சேர்த்து இருபது பிறந்தது, பத்துதான் பெரியவங்களாச்சு. "அத்தனைக்கும் நடுவுல எழுதினாரே!"ன்னு ஆச்சரியப்படுவாங்க. சரிதான். ஆனா ரெண்டாவது மனைவி அன்னா மகதலேனா யாருன்னு பாருங்க. அவங்களே கோத்தன் அரண்மனையில் சம்பளம் வாங்கின பாடகி. அந்த இருபதில் பதிமூணு அவங்க பெத்தது, அதில் ஏழு சின்னதிலேயே போயிடுச்சு. இதுக்கு நடுவுல உட்கார்ந்து வீட்டுக்காரர் எழுதினதை எல்லாம் பிரதி எடுத்தாங்க. லைப்சிக் ஆலயத்துல பெண்கள் பாட இடமே கிடையாது. பாக்குக்கு நேரம் வானத்துல இருந்து விழலை. அன்னா மகதலேனா கையிலிருந்து வந்தது.

தாமஸ் டார்சி (1899-1993) கதை இன்னும் கனமானது. காஸ்பல் இசையின் தந்தைன்னு சொல்றாங்க. 1932 ஆகஸ்ட். மனைவி நெட்டி நிறைமாசம். இவர் சிகாகோவில் இருந்து செயின்ட் லூயிஸுக்கு எழுப்புதல் கூட்டத்துல பாடப் போறார். கூட்டத்துலேயே தந்தி வருது. பிரசவத்துல நெட்டி இறந்துட்டாங்க. குழந்தையும் தங்கலை. அந்தத் துக்கத்துல எழுதினதுதான் 'பிரெஷஸ் லார்ட்'. பிரசங்கத்துல இந்தக் கதையைச் சொல்றவங்க, "பாருங்க, துக்கத்துல இருந்து எப்பேர்ப்பட்ட பாட்டு!"ன்னு முடிச்சிடுவாங்க. எனக்கு ரெண்டு பிரசவம் ஆகியிருக்கு. அந்தக் கதையைக் கேட்கிறப்போ என் மனசு செயின்ட் லூயிஸ் மேடைக்குப் போறதில்லை, சிகாகோவில் அந்த வீட்டுக்குத்தான் போகுது. டார்சியைக் குத்தம் சொல்லலை. யாருக்குத் தெரியும் அப்படி ஆகும்னு? பாட்டுக்குப் போன நேரம் ஒரு வீட்டிலிருந்து வந்த நேரம்ங்கிறதை மட்டும் நாம மறந்துடக் கூடாது.

அதனால என் கட்சி இதுதான். பாட்டு எழுதுற நேரம் "மிச்ச நேரம்" கிடையாது. வேலைக்குப் போற பொம்பளைக்கு மிச்ச நேரம்னு ஒண்ணு இருந்ததே இல்லை. ஒண்ணு தூக்கத்துல இருந்து வரும், இல்லைன்னா வேற ஒருத்தர் உழைப்புல இருந்து வரும். எங்கிருந்து வருதுன்னு வெளிப்படையா பேசிடணும். ராத்திரி ஒரு மணிக்குக் கண்ணு எரிய எழுதி, காலையில் பிள்ளைங்க மேல எரிஞ்சு விழுந்துட்டு, அதுக்குத் "தியாகம்"னு பேர் வச்சுக்கிறதுல எனக்கு உடன்பாடு இல்லை.

எங்க வீட்டு ஏற்பாடு சிம்பிள். அடுக்களைக் காலண்டர்ல செவ்வாயும் வெள்ளியும் "அம்மா பாட்டு"ன்னு எழுதியிருக்கும். ஏழுல இருந்து எட்டரை. ரங்கமணி பகல் ஷிப்ட்ல இருந்தா தோசை அவர் பொறுப்பு, பையன் வீட்டுப்பாடமும் அவர் பொறுப்பு. இல்லாத வாரம் அத்தை உட்கார்ந்த இடத்துல இருந்து மேற்பார்வை, பொண்ணு தோசை. (தோசை எந்த ஷேப்ல வந்தாலும் சாப்பிடணும்ங்கிறது ஒப்பந்தத்தின் முதல் ஷரத்து :-) ) பதிலுக்கு வியாழன் சாயங்காலம் அவரோடது, கமிட்டியோ ஷட்டிலோ நான் கேட்க மாட்டேன். பொண்ணுக்குப் பரீட்சைன்னா என் ரெண்டு நாளும் ரத்து. அத்தை முதல்ல, "பாட்டுக்கெல்லாம் டைம்டேபிளா"ன்னு முணுமுணுத்தாங்க. இப்போ ஏழு மணிக்கு டிவி சத்தத்தைக் குறைக்கிறதே அவங்கதான்.

சபைகளுக்கும் மூணு வேண்டுகோள் இருக்கு.

ஒண்ணு. "நாளைக்குச் சாயங்காலம் ஒரு பாட்டு வேணும் சிஸ்டர், உங்களுக்கு என்ன, அஞ்சு நிமிஷம்"னு போன் பண்ணாதீங்க. ஒரு மாசம் முன்னாடி சொல்லுங்க. அந்த அஞ்சு நிமிஷம் எங்க வீட்டுல ஒருத்தரோட ரெண்டு ராத்திரி.

ரெண்டு. பாட்டுத்தாளில் எழுதினவர் பேர் போடுங்க. "ஆண்டவருக்கே மகிமை, பேர் எதுக்கு?"ங்கிறீங்க. சரி. அப்போ அதே தாளில் அசன பண்டிகைக்கு அரிசி மூட்டை கொடுத்தவர் பேர் மட்டும் எதுக்கு?

மூணு. கீபோர்டு வாசிக்கிற தம்பிக்கும் ரெக்கார்டிங்குக்கும் பணம் ஒதுக்குற மாதிரி, பாட்டு எழுதுறவங்களுக்கும் ஏதாச்சும் ஒதுக்குங்க. எனக்குச் சம்பளம் வருது, வேண்டாம்னு கூட நான் சொல்லிக்குவேன். ஆனா பீடி சுத்திக்கிட்டே நல்லாப் பாட்டு கட்டுற ஒரு அக்காவை எனக்குத் தெரியும். அவங்க ஒரு சாயங்காலம் பாட்டுக்கு உட்கார்ந்தா அன்னிக்குக் கூலி குறையும்.

இதை நான் பாட்டுக்காரங்களுக்கு மட்டும் சொல்லலை. ஆபீஸ் முடிச்சு, பிள்ளையைத் தூங்க வச்சு, அப்புறம் கதையும் கவிதையும் பதிவும் எழுதுற உங்க எல்லாருக்கும் சேர்த்துத்தான். வேலையை எழுத்துக்கு எதிரின்னு நினைக்காதீங்க, சரக்கு அங்கேதான் இருக்கு. வீட்டுல யாரோ உங்களுக்காக டிவி சத்தத்தைக் குறைச்சிருப்பாங்க, அது யாருன்னு மட்டும் ஒரு தடவை பார்த்துக்கோங்க. அவங்களுக்கும் ஒரு வியாழக்கிழமை வேணும்.

டிஸ்கி: இது செவ்வாய்க்கிழமை எழுதினது இல்லை. ஞாயிறு மத்தியானம், எல்லாரும் தூங்குறப்போ. கணக்கு நேர் :-)