அப்பாவுக்கு நான் மாற்றிச் சொன்ன வசனம்

போன செப்டெம்பரில் பகேரியாவில் ஒரு உதைபந்தாட்டக் கழகத்தின் பெற்றோர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். அக்காவின் மகன் அங்கே விளையாடுகிறான், வயது பன்னிரண்டு. அன்று அக்காவுக்கும் வேலை, அத்தானுக்கும் வேலை. ஆகவே மாமா நான் போனேன். உடைமாற்றும் அறைகளுக்கு முன்னால் பிளாஸ்டிக் கதிரைகள் போட்டிருந்தார்கள். முன்வரிசையில் இன்னொரு தமிழ் அப்பா, பக்கத்தில் அவருடைய மகன்.

பயிற்றுநர் இருபது நிமிடம் பேசினார். இத்தாலியில் அவரை எல்லோரும் "மிஸ்டர்" என்றுதான் கூப்பிடுவோம். பதிவுக் கட்டணம், வைத்தியச் சான்றிதழ், ஆவணங்கள், பயிற்சி நேரம் எல்லாம் சொன்னார். கடைசியாக முக்கியமான ஒன்றைச் சொன்னார்: வருகிற மே மாதம் அணியைப் பிரிப்போம், எல்லோரும் மேலே போக மாட்டார்கள்.

"மிஸ்டர் என்னவாம்?" என்று அந்த அப்பா மகனிடம் கேட்டார்.

"காசு எவ்வளவு எண்டு சொன்னவர். செவ்வாயும் வியாழனும் பயிற்சி. சனிக்கிழமை மட்ச். மற்றதெல்லாம் சும்மா கதை அப்பா."

அப்பா தலையாட்டினார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்தத் தம்பியை நான் குறை சொல்லவில்லை. அவன் விட்டது ஒரு வசனம்தான். 2004இல் நான் செய்தது அதைவிடப் பெரிய வேலை.

அப்போது நாங்கள் பலேர்மோவில் பல்லாரோ சந்தைக்குப் பக்கத்தில் இருந்தோம். எனக்கு வயது பதின்மூன்று. மே மாதம், கடைசிப் போட்டி முடிந்ததும் மிஸ்டர் அப்பாவைக் கூப்பிட்டார். அப்பாவின் இத்தாலியன் வேலைவீட்டு இத்தாலியன். மருந்து, சாப்பாடு, துப்புரவு எல்லாம் பேசுவார், அதற்கு வெளியே தடுமாறுவார். நான் நடுவில் நின்றேன். மிஸ்டர் நல்ல மனிதர். தெளிவாகச் சொன்னார்: "அடுத்த வருடம் எங்கள் அணியில் இவனுக்கு இடம் கிடைப்பது கடினம். பக்கத்தில் ஒரு சின்னக் கழகம் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு வாரமும் விளையாடுவான். விரும்பினால் நானே பேசிவிடுகிறேன்."

"மிஸ்டர் என்னவாம்?"

"நல்லா விளையாடுறனாம். அடுத்த வருசமும் வரட்டாம்."

அப்பா மிஸ்டரின் கையைப் பிடித்து இரண்டு தரம் குலுக்கினார். மிஸ்டர் என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் நினைவில் இருக்கிறது. அடுத்த கிழமை அப்பா எனக்குப் புதிய சப்பாத்து வாங்கித் தந்தார். செப்டெம்பரில் முழுக் காசும் கட்டினார். கழகம் என்னைத் துரத்தவில்லை. ஆனால் அந்தப் பருவம் முழுக்க நான் வாங்கில்தான் இருந்தேன். அப்பாவுக்கு இரவில் ஒரு வயோதிபரைப் பராமரிக்கிற வேலை. ஞாயிறு காலை வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேரே மைதானத்துக்கு வருவார். கம்பிவேலிக்கு வெளியே நின்று, நான் எப்போது எழும்புவேன் என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

இதை இப்போது எழுதக் காரணம், எங்கள் பிள்ளைகள் இன்னும் இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில், பாடசாலையில், கெஸ்தூராவில் என்று எல்லா இடத்திலும் அம்மா அப்பாவுக்கு மொழிபெயர்க்கிறோம். ஆனால் உதைபந்தாட்டக் கழகத்தில் மட்டும், பேசப்படுகிற விசயமும் நாங்கள்தான், மொழிபெயர்ப்பதும் நாங்கள்தான். தன்னைப் பற்றிய தீர்ப்பைத் தானே வாசித்துச் சொல் என்று பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் கொடுத்தால், அவன் அதைத் திருத்தித்தான் வாசிப்பான். எனவே என்னுடைய கருத்து இதுதான்: கழகம் எப்படி இயங்குகிறது என்பதை எங்கள் பெற்றோருக்கு முன்கூட்டியே தமிழில் விளங்கப்படுத்த வேண்டும். விளங்கினால் அவர்கள் வாங்கைக் கண்டு வெட்கப்பட மாட்டார்கள், நாங்களும் பொய் சொல்ல வேண்டி வராது.

எப்படி இயங்குகிறது? வீட்டில் அப்படியே சொல்லக்கூடிய மாதிரி எழுதுகிறேன்.

முதலில் வயதுப் பிரிவு. 10, 11 வயதுக்கு உட்பட்டவர்கள் புல்ச்சீனி. 12, 13 வயதுக்கு உட்பட்டவர்கள் எஸோர்தியென்தி. 14, 15 என்றால் ஜொவானீசிமி. 16, 17 என்றால் அல்லியேவி. புல்ச்சீனியில் பக்கத்துக்கு ஏழு பேர், எஸோர்தியென்தியில் ஒன்பது பேர். ஜொவானீசிமியில்தான் பெரிய மைதானம், பதினொரு பேர்.

ஆள்தொகையை விடப் பெரிய மாற்றம் ஒன்று இங்கே நடக்கிறது. எஸோர்தியென்தி வரைக்கும் இத்தாலிய உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் விதி, பட்டியலில் உள்ள ஒவ்வொரு பிள்ளையும் குறைந்தது ஒரு முழுப் பகுதியாவது விளையாட வேண்டும் என்கிறது. யார் முதலிடம் என்ற புள்ளிப் பட்டியலும் இல்லை. ஜொவானீசிமிக்குப் போனதும் புள்ளி, பட்டியல், மாகாணத் தொடர், பிராந்தியத் தொடர் எல்லாம் வந்துவிடும். எல்லோரையும் இறக்க வேண்டும் என்ற கட்டாயம் போய்விடும். அதாவது வாங்கு என்பது அந்த வயதில்தான் தொடங்குகிறது. நேற்று வரைக்கும் விளையாடிய பிள்ளை இன்று உட்கார்ந்திருந்தால், அவன் கெட்டுப்போனான் என்று அர்த்தமில்லை, விதி மாறிவிட்டது. என் அப்பாவுக்கு இந்த ஒரு விசயம் தெரிந்திருந்தால், அந்தக் கம்பிவேலிக்குப் பக்கத்தில் அவர் நின்ற நிற்பே வேறாக இருந்திருக்கும்.

இரண்டாவது, காகிதங்கள். 12 வயதிலிருந்து போட்டி விளையாட்டுக்கான வைத்தியச் சான்றிதழ் வேண்டும். இசிஜி, மூச்சுப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை எல்லாம் செய்வார்கள். ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். இத்தாலியக் கடவுச்சீட்டு இல்லாத பிள்ளை முதல்முறை பதியும்போது பெற்றோரின் சொஜோர்னோ, வதிவிடச் சான்று, பாடசாலைச் சான்று என்று மேலதிகமாகக் கேட்பார்கள். இது எங்களை அவமதிக்கக் கேட்பது இல்லை. சிறுவர்களை நாடு விட்டு நாடு கடத்தி விற்கிற முகவர்களைத் தடுக்க ஃபீஃபா வைத்த விதியின் 19ஆம் பிரிவுதான் காரணம். 2016 ஜனவரியில் வந்த 12ஆம் இலக்கச் சட்டம் இன்னொன்றும் சொல்கிறது: பத்து வயதிலிருந்தாவது சட்டப்படி இத்தாலியில் வசிக்கிற பிள்ளையை, இத்தாலியப் பிள்ளையைப் பதிவது போலவே கழகங்களில் பதியலாம். யாராவது "வெளிநாட்டுப் பிள்ளை, கரைச்சல்" என்று இழுத்தடித்தால் இந்தச் சட்டத்தைப் பேர் சொல்லிக் கேளுங்கள்.

மூன்றாவது, கட்டி வைத்தல். என்னுடைய காலத்தில் 14 வயதுக்குப் பிறகு ஒரு கழகத்துக்குக் கையெழுத்து வைத்தால் 25 வயது வரைக்கும் அவர்கள் விடாமல் வைத்திருக்கலாம். அதற்கு "வின்கொலோ" என்று பெயர். 2021இல் வந்த விளையாட்டுச் சீர்திருத்தத்தின்படி 2023 ஜூலையிலிருந்து அதைப் படிப்படியாக நீக்கிவிட்டார்கள். அதே சீர்திருத்தத்தில் இன்னொரு வரி இருக்கிறது: 14 வயது நிரம்பிய பிள்ளையை அவருடைய சொந்தச் சம்மதம் இல்லாமல் பதிய முடியாது. தம்பி, தங்கச்சி, இது உங்களுக்கான வரி. அம்மா அப்பாவுக்கு மொழிபெயர்த்துக் கொடுத்துவிட்டு நீங்கள் தள்ளி நிற்க முடியாது. உங்கள் பதிலையும் சட்டம் கேட்கிறது.

நான்காவது, காசு. எங்கள் பெற்றோர் கழகக் காசைக் கையில்தான் கொடுப்பார்கள். 5 முதல் 18 வயது வரையான பிள்ளையின் விளையாட்டுச் செலவில் வருடம் 210 யூரோ வரைக்கும் 19 வீதம் வருமான வரியில் கழிக்கலாம். ஏறக்குறைய 40 யூரோ. ஆனால் வங்கி மூலமோ அட்டையிலோ கட்டியிருக்க வேண்டும், ரசீதும் இருக்க வேண்டும். நாற்பது யூரோ பெரிய காசு இல்லைத்தான். ஒரு சோடி சப்பாத்துக்கு உதவும்.

ஐந்தாவது, வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி: இவன் பெரிய ஆளாக வருவானா? பலேர்மோவில் எந்த மிஸ்டரிடம் கேட்டாலும் தோத்தோ ஸ்கில்லாச்சியின் பெயர் வரும். இந்த நகரத்துப் பிள்ளை, பஸ் நிறுவனத்தின் அணியான அமாத்தில் விளையாடியவர், 1990 உலகக் கிண்ணத்தில் ஆறு கோல் அடித்து முதலிடம். 2024 செப்டெம்பரில் அவர் இறந்தபோது நகரமே அழுதது. எங்கள் வட்ஸப் குழுக்களில் இப்போது விமல் யோகநாதனின் படம் சுற்றுகிறது. வேல்ஸில் பிறந்த தமிழ்ப் பிள்ளை, இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி கழகத்துக்கு ஆடுகிறார். பெருமைதான். ஆனால் கணக்கையும் பாருங்கள். இத்தாலியில் தொழில்முறைக் கழகங்கள் மூன்று படிகளில் மொத்தம் 100. மேல்படியான சேரி ஆவில் 20. அங்கே விளையாடுபவர்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். பிள்ளை விளையாடுவது நல்லது என்பதற்காகக் காசு கட்டுங்கள் என்று பெற்றோருக்குச் சொல்லுங்கள். வீட்டின் கடனை இவன் கால் அடைக்கும் என்று நினைத்துக் கட்ட வேண்டாம்.

கால் இருந்தாலும் காகிதம் வேண்டும் என்பதும் இந்த ஊர் தந்த பாடம். மாரியோ பலொத்தெல்லி 1990 ஆகஸ்டில் பலேர்மோவில் பிறந்தவர், பெற்றோர் கானா நாட்டவர். பதினேழு வயதிலேயே இன்டர் மிலான் அணியில் ஆடினார். ஆனால் 2008 ஆகஸ்டில் 18 வயதாகிக் குடியுரிமை கிடைக்கும் வரைக்கும் இத்தாலியின் எந்தத் தேசிய அணிக்கும் அவரால் ஆட முடியவில்லை. 1992ஆம் ஆண்டுச் சட்டம்தான் இன்றைக்கும். இங்கே பிறந்து இடைவிடாமல் வசித்த பிள்ளை, 18 வயதிலிருந்து 19 ஆவதற்குள் தானே போய் விண்ணப்பிக்க வேண்டும். பெரியவர்கள் குடியுரிமைக்குக் காத்திருக்கும் பத்து வருடத்தை ஐந்தாகக் குறைக்க 2025 ஜூனில் நடந்த வாக்கெடுப்பில் 30 வீதமளவானவர்களே வாக்களித்தார்கள். பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும், வராதபடியால் அது செல்லவில்லை. ஆகவே 18ஆவது பிறந்தநாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். உதைபந்துக்கு மட்டுமல்ல, எல்லாவற்றுக்கும்.

சிலர் கேட்பார்கள்: இதெல்லாம் பெரியவர்கள் இத்தாலியன் படித்திருந்தால் தீர்ந்திருக்குமே? உண்மைதான். ஆனால் இரவு வேலை பார்த்துவிட்டு வந்து மைதானத்தில் நிற்கிற மனிதரிடம் அதை நான் சொல்ல மாட்டேன். வேறு வழிகள் இருக்கின்றன. அணி பிரிக்கிற கூட்டத்துக்கு உங்களை நடுவில் நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். அக்கா, மாமா, தமிழ்ப் பாடசாலை ஆசிரியர், பல்கலைக்கழகத்தில் படிக்கிற பக்கத்து வீட்டு அண்ணா, யாராவது ஒருவர் போகட்டும். அவர் மூன்று கேள்வி கேட்டால் போதும். அடுத்த வருடம் எந்த அணி, எந்தத் தொடர்? அங்கே இந்தப் பிள்ளை விளையாடுமா, வாங்கில் இருக்குமா? இங்கே இடமில்லை என்றால் எங்கே விளையாடலாம்? எங்கள் ஊர்களில் இதற்கு ஆள் இல்லாமல் இல்லை. கேட்பதற்குத்தான் வெட்கப்படுகிறோம்.

அன்று பகேரியாவில் கூட்டம் முடிந்ததும் அந்த அப்பாவிடம் போய் என்னை அறிமுகம் செய்துகொண்டேன். மே மாதத்தைப் பற்றி மிஸ்டர் சொன்னதைத் தமிழில் சொன்னேன். மகன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்பா கோபப்படவில்லை. "அப்ப மே வரைக்கும் நேரம் கிடக்கு" என்றார். பையன் நிமிர்ந்து பார்த்தான்.

என்னுடைய பொய்யை நான் அப்பாவிடம் சொல்ல இருபது வருடம் எடுத்தது. போன வருடம் அஸ்ப்ரா கடற்கரையில் நடந்துகொண்டிருந்தபோது சொன்னேன். காசைப் பற்றிப் பேசுவார், சப்பாத்தைப் பற்றிப் பேசுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தார். பிறகு கேட்டார்: "அப்ப மற்றக் கழகத்துக்குப் போயிருந்தா நீ விளையாடியிருப்பாய், என்ன?"

அவர் அந்த வேலிக்கு வெளியே நின்றது நான் வெல்வதைப் பார்க்க இல்லை. நான் விளையாடுவதைப் பார்க்க. இதை அன்றைக்கே தெரிந்துகொண்டிருந்தால் மிஸ்டர் சொன்னதை அப்படியே சொல்லியிருப்பேன். உங்கள் அப்பாவும் அநேகமாக அதற்குத்தான் வந்து நிற்கிறார். அடுத்த முறை அவர் "என்னவாம்?" என்று கேட்டால், உள்ளதைச் சொல்லுங்கள்.