ஸ்பேர் கிடைக்குமா என்று கேளுங்கள்

"அண்ணா, இப்ப வாங்கிக்கலாமுங்களா, இல்ல புதுசு வர்ற வரைக்கும் பொறுக்கறதுங்களா?" கோவை காந்திபுரம் நூறடி ரோட்டை ஒட்டிய சந்தில் லேப்டாப் சர்வீஸ் கடை நடத்துகிற எனக்கு இந்தக் கேள்வி வராத நாள் கிடையாது. ஆப்பிள் தொடுதிரை மேக்புக் கொண்டுவரப் போகிறதாம், என்விடியா லேப்டாப்புக்கே சிப் செய்கிறதாம் என்று யூடியூபில் பார்த்ததையெல்லாம் பையன்கள் கவுன்ட்டரில் கை ஊன்றிக்கொண்டு ஒப்பிப்பார்கள். நான் ஸ்க்ரூவைக் கழற்றியபடியே 'உம்' கொட்டிக்கொண்டிருப்பேன்.

வதந்தி ஒரு பக்கம் கிடக்கட்டும். வந்தே விட்டவையும் லேசுப்பட்டவை அல்ல. 2025 அக்டோபரில் எம்5 சிப் போட்ட மேக்புக் புரோவை ஆப்பிள் இறக்கியது. 2026 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் இன்டெல் 'கோர் அல்ட்ரா சீரிஸ் 3' சிப்பைக் காட்டியது. மைக்ரோசாப்ட் 2024 மே மாதமே 'கோபைலட் பிளஸ்' என்று ஒரு வகையைப் பிரித்துவிட்டது. அந்தப் பெயரை ஒட்ட வேண்டுமானால் 16 ஜிபி ராம் வேண்டும். ஏஐ வேலைக்கென்றே நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்குப் போடும் தனிப் பகுதி சிப்பில் வேண்டும்.

இவற்றில் ஒன்றைக்கூடக் கேட்டுக்கொண்டு என் கடைக்கு ஆள் வருவதில்லை. ஆடிட்டர் ஆபீஸ் பெண்ணுக்கு வேண்டியது வலது ஓரத்தில் தனி நம்பர் பேடு. டேலியில் நாள் முழுக்க எண் அடிக்கிறவருக்கு அது இல்லாமல் கை ஓடாது. அதற்காகவே கனத்தைப் பொறுத்துக்கொண்டு பெரிய திரை மாடலைத் தூக்கி வருகிறார். திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனி மெர்ச்சண்டைசருக்கு பஸ்ஸில் போய் வரும் நேரம் முழுக்க பேட்டரி தாங்கினால் போதும். பீளமேட்டில் மெக்கானிக்கல் படிக்கிற பையனுக்கு சாலிட்வொர்க்ஸ் திறக்கும்போது மெஷின் உறைந்து நிற்கக் கூடாது. சோமனூர் தறிக்காரருக்கு ஜிஎஸ்டி பில் போட ஒன்று வேண்டும். அது பஞ்சைத் தாங்க வேண்டும். அவருடைய லேப்டாப்பைத் திறந்தால் ஃபேனுக்கும் செம்புக் குழாய்க்கும் நடுவில் பஞ்சு அடை அடையாக அப்பியிருக்கும். பிரஷ் வைத்துச் சுரண்டி எடுத்து, சூடு கடத்தும் பேஸ்ட் மாற்றி, திரும்பப் பூட்டினால் சூடு இறங்கி ஓடும். "இன்னும் எத்தன வருசம் தாங்குமுங்க தம்பி?" அவருடைய ஒரே கேள்வி அதுதான்.

அதிகம் உழைத்த லேப்டாப் எது என்று என்னைக் கேட்டால், கொஞ்சமும் யோசிக்காமல் அரசு கொடுத்த இலவச லேப்டாப் என்பேன். 2011 செப்டம்பர் 15-ல், அண்ணா பிறந்த நாளில், அந்தத் திட்டம் தொடங்கியது. எட்டு ஆண்டு காலத்தில் சுமார் 50 லட்சம் பிள்ளைகள் கைக்குப் போனது. அக்கா பிளஸ் டூவில் வாங்கியதில் தம்பி கல்லூரி முடித்திருக்கிறான். இப்போது அப்பா அதில் கடைக் கணக்கு எழுதுகிறார். அன்னூரிலிருந்தும் அவிநாசியிலிருந்தும் பையில் சுற்றிக்கொண்டு இன்றைக்கும் என்னிடம் கொண்டுவருகிறார்கள்.

அது ஒன்றும் பெரிய மெஷின் கிடையாது. புதிதாக இருந்தபோதே சிப் சுமார்தான். ஆனால் அந்தக் காலத்து மாடலில் பேட்டரியைப் பின்பக்கத் தாழ்ப்பாளைத் தள்ளினால் கையோடு எடுத்துவிடலாம். ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் மூடி கழன்றுவிடும். உள்ளே ராம் மாற்ற இடம், ஹார்ட் டிஸ்க் மாற்ற இடம். சுழல்கிற ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி ஒன்றைச் செருகி, ராமைக் கூட்டிவிட்டால், வாங்கிய அன்றைக்கு ஓடியதைவிட வேகமாக ஓடும். அதற்கு ஆன செலவு புது லேப்டாப் விலையில் ஒரு மூலைக்குக் காணாது. எங்கள் ஊர் ஆட்கள் உண்மையில் ஆசைப்படுகிற அப்கிரேடு அதுதான்.

இப்போது வருவதைத் திறந்து பாருங்கள். போன மாதம் பொள்ளாச்சிக் கல்லூரி மாணவி ஒருத்தி கொண்டுவந்த லேப்டாப், வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. திரையைத் திறந்தால் 'டக்' என்று சத்தம் கேட்டு ஓரத்தில் வாய் பிளக்கிறது. ஹிஞ்ச் என்கிற இரும்புக் கீல் நன்றாகத்தான் இருக்கிறது. அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ, கடுகைவிடக் கொஞ்சம் பெரிய பித்தளை நட்டில் பூட்டியிருக்கிறது. அந்த நட்டை வெறும் பிளாஸ்டிக்கில் பதித்திருக்கிறார்கள். தினமும் திறந்து மூடியதில் பிளாஸ்டிக்கோடு நட்டு பெயர்ந்து வந்துவிட்டது. நட்டு பதிந்திருந்த மேல்தட்டுக்கு எங்கள் பாஷையில் 'சி பேனல்' என்று பெயர். அதோடு கீபோர்டையும் பிளாஸ்டிக் முனைகளை உருக்கி ஒட்டிவிட்டார்கள். ஆகவே கம்பெனி சர்வீஸ் சென்டரில் கீபோர்டோடு மொத்தத் தட்டையும் மாற்றச் சொல்லி ஒரு தொகை சொன்னார்கள். அந்தப் பெண்ணின் ஒரு செமஸ்டர் ஹாஸ்டல் பணம் அது. பெயர்ந்த நட்டுகளைப் பழைய இடத்தில் வைத்து, ஒட்டும் கலவை ஊற்றி, ஒரு ராத்திரி காயவிட்டுப் பூட்டிக் கொடுத்தேன். ஓடுகிறது. ஆனால் இது வைத்தியம் பார்க்க வேண்டிய நோயே கிடையாது. கீல் பிடிக்கும் இடத்தில் இரண்டு ரூபாய்க்கு உலோகப் பட்டை வைத்திருந்தால் வந்திருக்காது.

ராம் கதை இன்னும் மோசம். மெல்லிய மாடல்களில் ராமை போர்டிலேயே சால்டர் செய்துவிடுகிறார்கள். 2024 செப்டம்பரில் வந்த இன்டெல் 'லூனார் லேக்' சிப்பில் ராம் சிப்போடு சேர்ந்தே வந்தது. 16 வாங்கினால் ஆயுசுக்கும் 16, 32 வாங்கினால் ஆயுசுக்கும் 32. போதாக்குறைக்கு 2025 கடைசியில் ராம் விலை இரண்டு மடங்கைத் தாண்டி எகிறியது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கான மெமரியில் லாபம் அதிகம் என்று சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூன்றும் அந்தப் பக்கம் சாய்ந்ததுதான் காரணம். நம்மைப் போன்ற சில்லறை ஆட்களுக்கு 'குருஷியல்' என்ற பெயரில் ராம் விற்றுவந்த மைக்ரான், அந்த வியாபாரத்தையே மூடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ஸ்லாட் இருக்கிற லேப்டாப்காரர் விலை இறங்கும் வரை பொறுத்து, பிறகு ராமைக் கூட்டிக்கொள்ளலாம். ஸ்லாட் இல்லாதவருக்குப் பொறுத்தும் பயனில்லை.

இன்னொரு பக்கம் சாப்ட்வேர் நெருக்குகிறது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ல் ஆதரவை நிறுத்தியது. கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிவு செய்தாலும் வீட்டு உபயோகக்காரர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரைதான். விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமானால், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை சிப்பாவது இருக்க வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ மெஷின்களை இந்த ஒரு விதி பழைய சாமான் கடைக்கு அனுப்பப் பார்க்கிறது. நான் அவற்றில் லினக்ஸ் ஏற்றிக் கொடுக்கிறேன். படிப்புக்கும் பிரவுசருக்கும் அது போதும். டேலியும் சாலிட்வொர்க்ஸும் விண்டோஸைத்தான் கேட்கின்றன.

இந்த ஊருக்கு இதெல்லாம் அடுக்குமா என்று யோசித்துப் பாருங்கள். ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937-ல் இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்த ஊர் இது. அன்னூர்ப் பக்கத்து விவசாயி மோட்டார் வாங்கும்போது கேட்கிற முதல் கேள்வி, "ஏனுங், இதுக்கு ஸ்பேர் கெடைக்குமுங்களா? காயில் கட்டிக்கலாமுங்களா?" மோட்டார் புகைந்தால் அதைத் தூக்கி எறிவதில்லை. ரீவைண்டிங் பட்டறையில் போட்டு, காயில் கட்டி, பேரிங் மாற்றி, மறுபடி கிணற்றில் இறக்குகிறார். அதே மனிதர் மகளுக்கு மோட்டாரைவிட விலை கூடின லேப்டாப்பை வாங்கும்போது அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. கலரைப் பார்க்கிறார், கனத்தைப் பார்க்கிறார், இலவசப் பை உண்டா என்று கேட்கிறார். கேட்காததால்தான் கம்பெனிகளும் கொடுப்பதில்லை.

"சர்வீஸ் கடைக்காரன் தன் பிழைப்புக்குப் பேசுகிறான்" என்று நீங்கள் நினைக்கலாம். பிழைப்பும் இருக்கிறது, மறைக்கவில்லை. சால்டர் செய்த ராம் வேகம் கூடுதல், மின்சாரம் குறைவாக எடுக்கும் என்று கம்பெனிகள் சொல்வதும் பொய்யில்லை. ஆனால் வழியே கிடையாது என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். லெனோவோ 2024-ல் கொண்டுவந்த திங்க்பேட் டி14 ஐந்தாம் தலைமுறைக்கு, பழுதுபார்க்கும் வசதியில் ஐஃபிக்ஸிட் நிறுவனம் 10-க்கு 9 மதிப்பெண் கொடுத்தது. அதே வேகமான ராமைக் கழற்றி மாட்டும்படி 'எல்பிகேம்2' என்ற மாட்யூலும் 2024-லேயே திங்க்பேட் பி1 மாடலில் வந்துவிட்டது. செய்யத் தெரியும். விலை கூடின ஆபீஸ் மாடலில் மட்டும் செய்கிறார்கள். மாணவர்கள் வாங்கும் மாடலில் செய்வதில்லை.

சட்டம் பேசினால் கம்பெனி கேட்கும். பிரான்ஸில் 2021 முதல் லேப்டாப்பின் விலைக்குப் பக்கத்திலேயே பழுதுபார்க்கும் வசதிக்கான மதிப்பெண்ணும் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி 18 முதல், கையில் வைத்துப் பயன்படுத்தும் கருவிகளின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும். நம் மத்திய நுகர்வோர் துறையும் பழுதுபார்க்கும் மதிப்பெண்ணுக்காக 2024 செப்டம்பரில் குழு போட்டது. 2025 மே மாதம் அறிக்கையும் வந்தது. அது முதலில் கை வைக்கச் சொன்னது ஸ்மார்ட்போனிலும் டேப்லெட்டிலும். லேப்டாப்பையும் அதில் சேர்க்க வேண்டும்.

கடைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். விற்பனைப் பையனிடம் நான்கு கேள்வி கேளுங்கள்: ராமுக்குக் காலி ஸ்லாட் இருக்கிறதா? எஸ்எஸ்டியை மாற்றலாமா? கீபோர்டு தனியாகக் கிடைக்குமா? இந்த மாடலுக்கு ஐந்து வருடம் கழித்துப் பேட்டரி கிடைக்குமா? பதில் தெரியாமல் விழித்தால் அடுத்த கடைக்கு நடங்கள். பத்துப் பேர் நடந்தால் பதினோராவது ஆளுக்கு அந்தப் பையன் பதில் படித்து வைத்திருப்பான்.

நம்மையெல்லாம்விடப் பெரிய வாடிக்கையாளர் அரசுதான். 2025 மார்ச் 14 பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப்போ டேப்லெட்டோ தருவதாகத் தமிழக அரசு அறிவித்து, முதற்கட்டமாக 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2026 ஜனவரியில் 'உலகம் உங்கள் கையில்' என்ற பெயரில் விநியோகமும் தொடங்கியது. அதிலுள்ள 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி என்பது இன்றைக்குப் போதும். பிள்ளை படிப்பை முடித்து வேலைக்குப் போகும்போது போதாது. இத்தனை லட்சம் மெஷின் வாங்குகிற கையை எந்தக் கம்பெனியும் உதறாது. அடுத்த டெண்டரில், அரசுக்காக லேப்டாப் வாங்கும் எல்காட் நிறுவனம் நான்கே வரி சேர்க்கட்டும்: ராம் ஸ்லாட் கட்டாயம், கீலுக்கு உலோகப் பிடி கட்டாயம், ஏழு ஆண்டுக்கு உதிரி பாகம் மாவட்டத்துக்கு ஓர் இடத்திலாவது விலைப்பட்டியலோடு கிடைக்க வேண்டும், சர்வீஸ் கையேட்டைத் தமிழில் வெளியிட வேண்டும். அந்தக் கையேட்டை ஐடிஐயிலும் பாலிடெக்னிக்கிலும் பாடமாக வைத்தால், ஊருக்கு இரண்டு பிள்ளைகளுக்குத் தொழிலும் ஆகும். லேப்டாப் கொடுப்பதோடு அரசின் வேலை முடிந்துவிடக் கூடாது; அது ஓடிக்கொண்டிருக்கவும் வழி செய்ய வேண்டும்.