பிழை நேர்ந்த இடத்திலிருந்து தொடர்வது

2013 நவம்பர் 11 அதிகாலை, பெங்களூரின் இஸ்ட்ராக் மையத்திலிருந்து இயக்கப்பட்ட மங்கள்யானின் நான்காவது சுற்றுப்பாதை உயர்த்தல் பாதியில் தளர்ந்தது. நொடிக்கு 130 மீட்டர் வேகம் கூட வேண்டிய இடத்தில் 35 மீட்டரே கூடியது. விண்கலம் எட்டிய பாதையிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. பொறியாளர்கள் காரணத்தைக் கண்டறிந்து, மறுநாள் ஒரு துணை உந்துதலால் விட்ட குறையை நிறைத்தனர்.

அதே நகரில் கணினி மொழியியல் பயிலும் மாணவரின் நிரலுக்கு இந்த நிதானம் வாய்ப்பதில்லை. பத்தாயிரம் கோப்புகள் கொண்ட தமிழ்த் தரவகத்தில் ஒரு கோப்பு மட்டும் யூனிகோடில் இல்லாமல் பழைய டிஸ்கி குறியாக்கத்தில் இருந்தால் போதும். இரவெல்லாம் ஓடிய நிரல் நின்றுவிடுகிறது. பைத்தானில் விதிவிலக்கைப் பிடிக்கலாம். ஆனால் மேல்நிலை நிரல் அதைப் பிடிக்கும்போது, பிழை நேர்ந்த செயற்கூறு கலைந்துவிட்டிருக்கும். அதே இடத்திலிருந்து தொடர வழியில்லை. எனவே பலரும் கீழ்நிலையிலேயே, பிழையுள்ள கோப்பை ஓசையின்றித் தாண்டிச் செல்லுமாறு எழுதிவிடுகின்றனர்.

1994இல் ஆன்சி தரம் பெற்ற காமன் லிஸ்ப்பில் பிழை அறிவிக்கப்பட்டவுடன் அழைப்பு அடுக்கு கலைவதில்லை. கோப்பைப் படிக்கும் செயற்கூறு, நிரலர் அதில் வகுத்துவைத்த மீள்வழிகளை முன்வைக்கிறது: கோப்பைத் தவிர்க்கலாம், வேறு குறியாக்கத்தில் மீண்டும் படிக்கலாம், மாற்று உரை தரலாம். அவற்றுள் ஒன்றை, ஆய்வின் நோக்கம் அறிந்த மேல்நிலை நிரல் தேர்கிறது. அதற்கும் விடை தெரியாவிட்டால், பிழைநீக்கி திறந்து மனிதரிடம் கேட்கிறது. அவர் செயற்கூற்றைத் திருத்தி, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வழிகளை அறிந்திருப்பது ஓரிடம், தேர்ந்தெடுப்பது வேறிடம் என்ற பகுப்பே இம்முறையின் பயன்.

ஆளில்லா நேரத்தில் ஓடும் சர்வர் யாரைக் கேட்கும் என்ற மறுப்பு நியாயமானதே. அங்கே தேர்வை முன்னதாகவே நிரலில் எழுதிவைக்கலாம். கையால் செய்த திருத்தம் தடமின்றி மறைந்தால் அதே ஆய்வைப் பிறர் மீளச் செய்ய இயலாது என்பது இதைவிட வலுவான மறுப்பு. ஆகவே ஒவ்வொரு மீள்தேர்வும் பதிவாக வேண்டும்.

முதுநிலைப் பாடத்திட்டங்களில் இதற்குச் சில வகுப்புகளாவது ஒதுக்கப்பட வேண்டும். காமன் லிஸ்ப்பில் பிறகு எவரும் எழுதாமல் போகலாம். பிழை கையாளலைத் திட்டமிடும் பழக்கம் எந்த மொழியிலும் உதவும். வழக்கத்துக்கு மாறான தரவை ஓசையின்றித் தள்ளும் நிரல், யூனிகோடுக்கு முன் தட்டச்சான தமிழ் உரைகளைத்தான் முதலில் இழக்கிறது. அவை விடுபட்டன என்பதும் ஆய்வேட்டில் தெரிவதில்லை.