பணம் போச்சு... டிக்கெட் எங்கே?

போன மாசம் ஒரு ராத்திரி. ஊரில் பாட்டிக்கு மறுநாள் கண் ஆபரேஷன். அம்மா அவசர அவசரமாக ஓர் ஆப்பில் பஸ் டிக்கெட் போட்டார். 'பேமென்ட் சக்சஸ்' என்று பச்சை டிக் வந்தது. டிக்கெட் வரவில்லை. பதறிப்போய் மறுபடியும் அழுத்தினார். 1,100 ரூபாய் இரண்டு தடவை போனதுதான் மிச்சம். கடைசியில் கிளாம்பாக்கம் போய், கிடைத்த அரசு பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து ஊர் போய்ச் சேர்ந்தார். பணம் திரும்பி வர 9 நாள் ஆச்சு.

அந்தக் கடுப்பில், சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்க்கும் தோழியிடம் கேட்டேன். "இதையெல்லாம் யாரும் செக் பண்ணவே மாட்டீங்களாடி?"

"பண்ணுவோம். ஒவ்வொண்ணையும் தினமும் கையால பண்ண முடியாது. அதுக்குத்தான் ஸ்கிரிப்ட்" என்றாள்.

நாம் பார்க்கும் ஆப் வெறும் முகப்புதான். பின்னால் சீட் பார்க்க, பணம் வாங்க, டிக்கெட் போட, எஸ்.எம்.எஸ் அனுப்ப எனத் தனித்தனி வெப் சர்வீஸ்கள் ஓடுகின்றன. கேள்வி அனுப்பினால் பதிலோடு ஓர் எண்ணும் வரும். 200 என்றால் ஓகே. 404 என்றால் கேட்டது அங்கே இல்லை. 500 என்றால் சர்வரில் கோளாறு.

தோழி லேப்டாப்பில் பைத்தானைத் திறந்தாள். கைடோ வான் ரோசம் 1991-ல் வெளியிட்ட மொழி. அதில் 'ரெக்வஸ்ட்ஸ்' என்ற லைப்ரரி, ஆப் கேட்பது போலவே சர்வீஸிடம் கேட்கும். 'பைடெஸ்ட்' எல்லா சோதனைகளையும் வரிசையாக ஓட்டி, எது பாஸ், எது ஃபெயில் என்று சொல்லிவிடும். ஒரு சோதனைக்குப் பத்து வரி போதும். புரோகிராமில் யார் கை வைத்தாலும் மொத்தமும் தானாக ஓடும்படி வைத்துவிடலாம்.

"200 வந்தா பாஸ்தானே?"

"அங்கதான் ஏமாறுவாங்க. 200-னு சொல்லிட்டு, உள்ளே 'டிக்கெட் ஃபெயில்டு'னு எழுதி அனுப்புற சர்வீஸும் உண்டு. அதனால டிக்கெட் நம்பர் இருக்கா, தொகை சரியான்னு பதிலைப் பிரிச்சுப் பார்க்கணும். ஒரே ஆர்டர் நம்பரை ரெண்டு தடவை அனுப்பி, பணம் ஒரு தடவைதான் போகுதான்னும் பார்க்கணும்." இதற்கு நிஜப் பணம் தேவையில்லை. 'சாண்ட்பாக்ஸ்' எனப்படும் ஒத்திகைக் களம் இருக்கிறது.

முழு ஒத்திகையைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? 2013 அக்டோபர் 1-ல் அமெரிக்க அரசு தொடங்கிய மருத்துவக் காப்பீட்டு இணையதளமே சாட்சி. எல்லாப் பகுதிகளையும் சேர்த்துச் சோதிக்கக் கடைசி இரண்டு வாரம்தான் கிடைத்தது என்று ஒப்பந்த நிறுவனங்களே நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார்கள். முதல் நாளில் காப்பீடு எடுத்து முடித்தவர்கள் வெறும் 6 பேர்!

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "பயத்துல ரெண்டு தடவை அழுத்துறவங்களைப் பத்தி அந்த ஸ்கிரிப்ட்டுக்கு யாரு சொல்லிக் கொடுக்கணும்?"

மனுஷங்கதான். எழுதுபவர் யோசிக்காததை ஸ்கிரிப்ட் ஒருநாளும் சோதிக்காது.

அதுவரை நாம் செய்ய வேண்டியது: பணம் போய் டிக்கெட் வராவிட்டால், உடனே மறுபடி அழுத்தாதீர்கள். பேங்க் மெசேஜையும் ஆப்பில் 'மை புக்கிங்ஸ்' பகுதியையும் பாருங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அப்புறம் புகார் கொடுங்கள்.

பாட்டி நலம். அடுத்த வாரம் செக்கப்புக்குப் போக, அம்மா இப்போதே கவுன்டரில் டிக்கெட் எடுத்துவிட்டார்!